கடைத்தெருவும் இணைய அங்காடியும்

பண்டைத் தமிழகத்தில் பகற்பொழுதில் கூடிய கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவில் கூடியதை அல்லங்காடி என்றும் வழங்கினர். மதுரை மாநகரில் இவ்விரண்டும் சிறந்து விளங்கிய செய்தியை மதுரைக்காஞ்சி கூறுகின்றது. இக்காலத்திலோ பகல் இரவு என்னும் வேறுபாடின்றி, கதவும் பூட்டுமின்றி, ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஓர் அங்காடி திறந்தே இருக்கின்றது. அதனை இணைய அங்காடி என்பர். ஒரு பொருளை ஊர்க் கடைத்தெருவில் வாங்குவதா, இணைய அங்காடியில் வாங்குவதா என்னும் வினா இன்று வீடுதோறும் எழுகின்றது.

உப்பும் புளியும் வாங்குங்கால் தவறு நேரினும் இழப்புச் சிறிதே. ஆனால், ஓர் இளைஞன் பல திங்கள் உழைத்துச் சேர்த்த பணத்தைக் கொடுத்து வாங்கும் கருவி பழுதுடையதாக அமைந்துவிடின், அவனது பணம் மட்டுமன்றித் தொழிலும் கெடும். அத்தகைய கருவிகளுள் ஒன்று காமிரா எனப்படும் ஒளிப்படக் கருவி. அதனை வாங்கும் முறையை விருதுநகர் மாவட்டத்து ஊர்கள் இரண்டனை வைத்து ஆராய்ந்து அறிந்துகொண்டால், விலையுயர்ந்த பிற பொருள்களை வாங்குதற்கும் அவ்வறிவு துணைசெய்யும்.

இரண்டு ஊர்களும் தேவைகளும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரத்தில், மதுரையிலிருந்து கொல்லத்திற்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருவில்லிபுத்தூரும் இராசபாளையமும் அமைந்துள்ளன. இவற்றிடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 11 கிலோமீட்டர். திருவில்லிபுத்தூர் பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய திருப்பதி. அங்குள்ள கோயிலின் 11 நிலைக் கோபுரமும், ஆடிப்பூரத் தேரோட்டமும், நாவிற்கினிய பால்கோவாவும் நாடறிந்தவை. இராசபாளையமோ நூற்பாலைகளால் பெயர்பெற்ற ஊர்; அதனை அடுத்த சத்திரப்பட்டியில் மருத்துவமனைகளுக்கு வேண்டிய கட்டுத்துணி நெய்யப்படுகின்றது. இரண்டு ஊர்களுக்கும் மேற்கே உயர்ந்து நிற்கும் மலைக்காட்டில் சாம்பல்நிற மலையணில்களைக் காத்தற்பொருட்டு 1988-ஆம் ஆண்டில் சரணாலயம் அமைக்கப்பட்டது. அப்பகுதி 2021-ஆம் ஆண்டில் மேகமலையுடன் சேர்க்கப்பட்டுப் புலிகள் காப்பகமாயிற்று.

இங்கு வாழ்வோர்க்குக் காமிரா பல வகையில் வேண்டப்படுகின்றது. திருமண மண்டபத்தின் மங்கிய ஒளியில் மணமக்களைப் படம் பிடிப்பவர்க்கு, மிகுந்த ஒளியை உள்ளே விடும் அகன்ற துளையுடைய ஒளிவில்லை வேண்டும். இவ்வொளிவில்லையையே லென்சு என்பர். தேரோட்டத்தில் தேரையும் திரண்ட மக்களையும் ஒருங்கே காட்ட விரும்புவோர்க்கு, குறுகிய குவியத் தொலைவுடைய அகலக் கோண வில்லை வேண்டும். மர உச்சியில் கிளைக்குக் கிளை தாவும் மலையணிலைப் படம் பிடிப்போர்க்கோ, 300 மில்லிமீட்டரோ அதனினும் மிக்கதோ ஆகிய குவியத் தொலைவுடைய நீண்ட வில்லை வேண்டும். ஆகவே, 'எங்கே வாங்குவது?' என்று கேட்பதற்கு முன், 'எதற்காக வாங்குவது?' என்று கேட்டுத் தெளிதல் முறையாகும். தேவை தெளியாதவனுக்கு மலிந்த விலையும் வீண்செலவே.

தொலைவிலிருந்து வாங்கும் வழக்கம்

காணாத கடையில் பொருள் வாங்கும் வழக்கம் இணையத்தோடு பிறந்ததன்று. இந்திய அஞ்சல் துறை 1877-ஆம் ஆண்டிலேயே 'வி.பி.பி.' எனப்படும் முறையை ஏற்படுத்தியது. வாங்குவோர் கடிதம் எழுதுவர். விற்போர் பொருளைப் பொதியாக்கி அஞ்சலில் விடுப்பர். அஞ்சற்காரர் பொருளைக் கொடுத்து விலையைப் பெற்றுச்செல்வர். பொதியைப் பிரிப்பதற்கு முன்னரே பணம் செலுத்த வேண்டியிருந்தமையால், உள்ளே இருப்பது யாது என்னும் ஐயம் வாங்குவோரை விட்டு நீங்கியதில்லை. இன்று 'பொருள் வந்தபின் பணம்' என்று இணைய அங்காடிகள் கூறுவது இப்பழைய முறையின் வழித்தோன்றலே.

காமிரா வாணிகமும் தொலைவை வெல்லும் முயற்சியோடு வளர்ந்தது. 1888-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டைச் சேர்ந்த சார்சு ஈசுட்டுமன் என்பார் 'கோடாக்கு' என்னும் காமிராவை 25 டாலர் விலைக்கு விற்றார். அதனுள் 100 படங்கள் எடுத்தற்குரிய படச்சுருள் முன்னரே இடப்பட்டிருந்தது. படங்களை எடுத்து முடித்தவர் காமிராவையே நிறுவனத்திற்கு அனுப்பிவிடுவர். நிறுவனத்தார் 10 டாலர் பெற்றுக்கொண்டு, படங்களைக் கழுவி அச்சிட்டு, புதிய சுருளை இட்டு, காமிராவைத் திருப்பி அனுப்புவர்.

பிற்காலத்தில் இப்பணிகளை ஊர்தோறும் இருந்த ஒளிப்பட நிலையங்கள் மேற்கொண்டன. அவற்றை மக்கள் 'ஸ்டூடியோ' என்பர். உதகமண்டலத்தில் 1960-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்சு என்னும் அரசு நிறுவனம் 'இந்து' என்னும் பெயரில் படச்சுருள் உருவாக்கி வழங்கியது. காமிரா வைத்திருந்தவர் சுருள் வாங்கவும், கழுவவும், அச்சிடவும் மீண்டும் மீண்டும் கடைக்கு வந்தனர். அவ்வரவினால் கடைக்காரருக்குச் சிறுசிறு வருவாய் இடையறாது கிடைத்தது. வாடிக்கையாளருக்கோ படம் மங்கியது ஏன், ஆடியது ஏன் என்று கேட்டறியும் வாய்ப்புக் கிடைத்தது. எண்ணியக் காமிரா வந்தபின் சுருளும் இல்லை, கழுவுதலும் இல்லை. ஒருமுறை காமிராவை வாங்கியவர் மீண்டும் கடைக்கு வர வேண்டிய தேவை குறைந்தது. ஊர்க் கடையின் வருவாய் மெலிந்ததற்கு இணையம் மட்டும் காரணம் அன்று; கருவியின் இயல்பே மாறியதும் காரணமாகும்.

இந்நிலையில், 2007-ஆம் ஆண்டில் பெங்களூரில் புத்தக விற்பனையோடு பிளிப்கார்ட்டு நிறுவனம் தோன்றியது. 2013-ஆம் ஆண்டு சூன் திங்களில் அமேசான் நிறுவனம் இந்தியாவில் தன் அங்காடியைத் திறந்தது. பெருநகரத்துச் செல்வர்க்கு மட்டும் எட்டிய கருவிகள், அஞ்சற்குறியீட்டு எண் உடைய எவ்வூருக்கும் எட்டலாயின.

விலை வேறுபடுவது ஏன்?

'இணையத்தில் வரி இல்லை. ஆதலால் விலை குறைவு' என்று சிலர் எண்ணுவர். அது பிழை. 2017-ஆம் ஆண்டு சூலை 1 முதல் நாடெங்கும் சரக்கு சேவை வரி நடைமுறையில் உள்ளது. எண்ணியக் காமிராவுக்கு முதலில் நூற்றுக்கு 28 ஆக இருந்த அவ்வரி, 2019-ஆம் ஆண்டு சனவரி 1 முதல் 18 ஆகக் குறைக்கப்பட்டது. இராசபாளையத்தில் வாங்கினும், சென்னையில் வாங்கினும், இணையத்தில் வாங்கினும் வரிவிகிதம் ஒன்றே. எடுத்துக்காட்டாக, 50,000 ரூபாய் அடிப்படை விலையுள்ள காமிராவுக்கு வரி 9,000 ரூபாய்; கொடுக்க வேண்டிய தொகை 59,000 ரூபாய். கடை நம் மாநிலத்தில் இருப்பின், இவ்வரி நடுவணரசுக்கு 4,500 என்றும் மாநில அரசுக்கு 4,500 என்றும் பில்லில் பிரித்துக் காட்டப்படும். பிற மாநிலத்திலிருந்து வந்ததாயின், 9,000 என ஒரே தொகையாகக் காட்டப்படும்.

பின்னர் விலை வேறுபாடு எவ்வாறு வருகின்றது? ஊர்க் கடைக்காரர் கடைத்தெருவில் வாடகை கொடுக்கின்றார்; மாதிரிக்கென ஒரு காமிராவைப் பிரித்து வைக்கின்றார்; பணியாளரை அமர்த்துகின்றார்; விற்காத சரக்கில் தம் முதலை முடக்குகின்றார். புதிய வகை ஒன்று வந்துவிட்டால், அவரிடம் தங்கிய பழைய வகையின் மதிப்பு வீழ்கின்றது. இணையத்தில் விற்பவரோ நகர்ப்புறத்துக்கு வெளியே பண்டசாலை வைத்து, பெருந்தொகையாகக் கொள்முதல் செய்து, நாடு முழுமைக்கும் விற்கின்றார். பண்டிகைக் காலங்களில் உற்பத்தியாளரும் வங்கிகளும் தரும் தள்ளுபடிகளும் அங்கே சேர்கின்றன.

தள்ளுபடியை நோக்குங்கால் ஒன்றை மறத்தலாகாது. 'நூற்றுக்கு 40 தள்ளுபடி' என்பது பெட்டியில் அச்சிட்ட உச்ச விலையிலிருந்து கணக்கிடப்பட்டதாக இருக்கலாம். ஊர்க் கடைக்காரரும் பெரும்பாலும் உச்ச விலைக்குக் குறைவாகவே விற்பார். ஆகையால், தள்ளுபடியை ஒப்பிடாமல், கையிலிருந்து இறுதியாகச் செல்லும் தொகையை ஒப்பிடுதல் வேண்டும். 'வட்டியில்லாத் தவணை' என்று கூறப்படுமிடத்தும், ரொக்கமாகச் செலுத்துவோர்க்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரர்க்கும் கிடைக்கின்றதா என்று பார்த்தல் நன்று. அது கிடைக்காவிடின், இழந்த தள்ளுபடியே வட்டியாகும்.

முத்திரையும் பில்லும்

காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் இறங்கிய பொருள்களுக்கும் ஏறிய பொருள்களுக்கும் சோழவேந்தனின் புலி முத்திரை இடப்பட்டதைப் பட்டினப்பாலை தெரிவிக்கின்றது. முத்திரை பெற்ற பொதி முறையாக வந்த பொதி, முத்திரையில்லாததோ ஐயத்துக்குரியது. இந்நாளிலும் அத்தகைய முத்திரை உண்டு. வெளிநாட்டிலிருந்து முறைப்படி கொண்டுவரப்பட்ட காமிராவின் பெட்டியில், இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும், எல்லா வரிகளும் உள்ளிட்ட உச்ச விலையும் ரூபாயில் அச்சிடப்பட்டிருத்தல் வேண்டும். இது சட்டமுறை எடையளவு விதிகளின் கட்டளை.

இவ்வடையாளங்கள் இல்லாத காமிரா, உற்பத்தியாளரின் இந்தியக் கிளை வழியாக வராமல் வேறு வழியாக வந்த சரக்காக இருக்கக்கூடும். அதனை விற்போர், "பில் வேண்டாமென்றால் விலை குறையும்" என்பர். மேற்கூறிய எடுத்துக்காட்டில் 9,000 ரூபாய் மிச்சமாவது போலத் தோன்றும். ஆனால், பில் இல்லாதவனுக்கு உத்தரவாதம் இல்லை. அவன் வழக்குத் தொடுக்கவும் சான்று இல்லை. கருவி களவுபோனால், அது தன்னுடையது என்று மெய்ப்பிக்கவும் வழியில்லை. இம்மூன்றையும் 9,000 ரூபாய்க்கு விற்றவனாகின்றான் அவன். இத்தீமை இணையத்துக்கும் கடைத்தெருவுக்கும் பொதுவானது.

எனவே, எங்கே வாங்கினும் மூன்று எண்களை ஒத்துப் பார்த்தல் வேண்டும்: காமிராவின் அடிப்பக்கத்தில் பொறித்துள்ள வரிசை எண், பெட்டியின்மேல் உள்ள எண், பில்லிலோ உத்தரவாதச் சீட்டிலோ எழுதப்பட்டுள்ள எண். மூன்றும் ஒன்றாக இருந்தாலன்றிப் பெற்றுக்கொள்ளலாகாது.

கண்டு வாங்குதல்

பால்கோவாவை ஒரு விள்ளல் சுவைத்துப் பார்த்து வாங்கலாம். இராசபாளையம் நாய்க்குட்டியை வாங்குவோர் அதன் பால்வெண்மையையும், இளஞ்சிவப்பு மூக்கையும், தாயின் தோற்றத்தையும் நேரில் கண்டே விலை பேசுவர். கண்டு வாங்கும் இந்நன்மை ஊர்க் கடைக்கே உரியது. காமிராவைக் கையில் ஏந்தினால்தான் அதன் எடை தெரியும். பிடி கைக்கு அமைகின்றதா என்று தெரியும். திருமண நாளில் பத்து மணி நேரம் சுமக்க இயலுமா என்றும் தெரியும்.

ஆராயும் முறை எளியது. வெண்சுவரையோ தெளிந்த வானத்தையோ, துளையை மிகக் குறுக்கி ஒரு படம் எடுத்தால், உள்ளே படிந்துள்ள தூசி கரும்புள்ளிகளாகத் தோன்றும். வில்லையை மூடியிட்டு மூடிச் சில நொடிகள் நீடித்த படம் ஒன்றை எடுத்தால், பழுதுற்ற உணர்புள்ளிகள் ஒளித்துளிகளாகத் தெரியும். கடைக்காரரின் முகத்தையே படம் பிடித்து, கண்ணிமை கூர்மையாக விழுந்துள்ளதா என்று பெரிதாக்கிப் பார்த்தால், குவியம் செவ்வையாக உள்ளதா என்பது விளங்கும். பழைய காமிராவாயின், அதன் மூடுதிரை எத்தனை முறை இயங்கியுள்ளது என்னும் எண்ணிக்கையைக் கேட்டறிதல் வேண்டும். பழைய வில்லையாயின், ஒளிக்கெதிரே பிடித்து உட்புறம் நோக்கினால், ஈரத்தால் வளரும் பூஞ்சை சிலந்தி நூல் போலப் புலப்படும்.

இவ்வாராய்ச்சியை இணையத்தில் வாங்குவோர் செய்ய இயலாதோ எனின், இயலும். ஆனால், பொருள் வந்தபின்னரே இயலும். பல இணைய அங்காடிகளில் காமிரா போன்ற கருவிகளை மாற்றிக்கொள்ளச் சில நாள்களே இடந்தரப்படுகின்றது. அந்நாள்களுக்குள் எல்லா ஆய்வையும் முடித்துவிடல் வேண்டும். பெட்டியைப் பிரிக்கும்போது, முத்திரை உடைவது தொடங்கிப் பொருள் வெளிவருவது ஈறாகக் கைப்பேசியில் இடைவிடாது படம் பிடித்து வைத்தல் பிற்காலத்துக்குச் சான்றாகும்.

சிறுபொருளால் வரும் பெருங்கேடு

காமிராவைப் பலமுறை ஆராய்ந்து வாங்கும் ஒருவர், அதனுள் இடும் நினைவு அட்டையை மலிவு கருதி எங்கோ வாங்கிவிடுவதுண்டு. கேடு அங்கேதான் தொடங்கும்.

போலி அட்டையின் தீமை யாது? அதன்மேல் 128 என்று பெருங்கொள்ளளவு அச்சிடப்பட்டிருக்கும். காமிராவில் இட்டாலும் அவ்வளவே காட்டும். ஆனால், உள்ளிருக்கும் சில்லு அதனிற் சிறுபகுதியை மட்டுமே கொள்ளும். பொய்யளவைச் சொல்லுமாறு அட்டையின் கட்டுப்பாட்டு உறுப்பு மாற்றியமைக்கப்பட்டிருக்கும். உண்மைக் கொள்ளளவு நிறைந்தபின் எடுக்கும் படங்கள் பதியாமல் போகும். அல்லது முன்னவற்றின்மேலேயே பதிந்து அவற்றையும் அழிக்கும். காமிரா எவ்வித எச்சரிக்கையும் செய்யாது.

இராசபாளையத்து மண்டபம் ஒன்றில் இளைஞன் ஒருவன் திருமணப் படம் எடுப்பதாகக் கொள்வோம். விடியற்காலையில் தொடங்கிய சடங்குகளை எடுக்கும்போதே அட்டையின் உண்மையளவு நிறைந்துவிடுகின்றது. பின்னர் நடப்பது தாலி கட்டும் முகூர்த்தம். அவன் எடுத்துக்கொண்டே இருக்கின்றான். இரவில் கணிப்பொறியில் இட்டுப் பார்க்கும்போது முகூர்த்தப் படங்கள் இல்லை. பெண்ணின் தந்தைக்கு அவன் என்ன மறுமொழி கூறுவான்? வாங்கிய பணத்தைத் திருப்பித் தரலாம். கடந்த முகூர்த்தத்தைத் திருப்பித் தர இயலாது. அந்த மண்டபத்தில் கூடியிருந்த உறவினர் எவரும் மீண்டும் அவனை அழையார்.

இக்கேட்டைத் தவிர்க்கும் வழி மிக எளிது. புதிய அட்டையை வாங்கியவுடன், அது நிறையும்வரை கணிப்பொறியிலிருந்து கோப்புகளை ஏற்றி, அவை அனைத்தையும் திறந்து படித்துப் பார்த்தல் வேண்டும். முழுவதும் படிக்கக் கிடைப்பின் அட்டை மெய்யானது. மின்கலங்களிலும் போலிகள் உண்டு. அவை விரைவில் வலுவிழப்பதோடு, புடைத்து வெப்பமடைந்து காமிராவையும் கெடுக்கும். கடையில் வாங்கினும் இணையத்தில் வாங்கினும் இவ்வாய்வைத் தவிர்த்தலாகாது.

இணையத்தின் நன்மைகளும் திரைகளும்

இணைய அங்காடியின் நன்மைகளை மறைத்தல் நேர்மையாகாது. மலையணிலைப் படம் பிடிக்கும் நீண்ட வில்லை சிற்றூர்க் கடையில் இருப்பது அரிது. ஆண்டுக்கு ஒருவர் இருவரே வாங்கும் பொருளைக் கடைக்காரர் முதல் முடக்கி வைத்திருக்க இயலாது. இணையத்தில் அது கிடைக்கும். பல வகைகளின் விலையை ஒரு நாழிகையில் ஒப்பிடலாம். கடைக்காரர் தம்மிடம் உள்ள சரக்கையே உயர்ந்தது என்று வற்புறுத்தும்போது, அச்சொல்லின் உண்மையைச் சோதித்து அறியலாம். கடைகளில் துணைப்பொருள்களுக்கு மிகுவிலை வைக்கும் வழக்கத்தையும் இணையம் பெரிதும் கட்டுப்படுத்தியுள்ளது.

எனினும், இணையத்தில் திரைகள் சில உண்டு. முதலாவது, விற்பவர் யார் என்பது. புகழ்பெற்ற அங்காடியின் பெயரைக் கண்டு வாங்குவோர், அவ்வங்காடியே விற்கின்றது என்று எண்ணுவர். பெரும்பாலும் அது சந்தைத் திடலைப் போன்றது. திடல் ஒருவருடையது, கடை வேறொருவருடையது. அயல்நாட்டு முதலீடு பெற்ற சந்தை நிறுவனங்கள் சரக்கைத் தாமே உடைமையாக வைத்து விற்றலை அரசின் விதிகள் தடுக்கின்றன. ஆகவே, விற்பவரின் பெயரை வேறாகத் தேடிப் படித்தல் வேண்டும். சில விற்பனையாளர்க்கு மட்டும் முன்னுரிமை தரப்படுகின்றது என்று தில்லி வணிகர் அமைப்பு ஒன்று முறையிட்டதன்மேல், இந்தியப் போட்டி ஆணையம் 2020-ஆம் ஆண்டு சனவரியில் அமேசான், பிளிப்கார்ட்டு ஆகிய நிறுவனங்களைக் குறித்து விசாரணை நடத்த ஆணையிட்டது.

இரண்டாவது திரை, வாங்கினோர் கருத்துரை. விலைபெற்று எழுதப்பட்ட புகழுரைகளும் அவற்றிடையே கலந்திருக்கும். இதனைத் தடுத்தற்பொருட்டு, இந்தியத் தரநிருணய அமைவனம் 2022-ஆம் ஆண்டில் இணையக் கருத்துரைகளுக்கெனத் தனித் தரவரையறை வெளியிட்டது. மூன்றாவது திரை, அவசரம். 'ஒன்றே எஞ்சியுள்ளது', 'பத்து நிமிடத்தில் முடியும்' என்று பொய்யாக விரைவுபடுத்துவதும், கேளாத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் போன்ற 13 வகைச் சூழ்ச்சிகளை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் வெளியிட்ட நெறிமுறைகளால் தடை செய்துள்ளது.

வாங்குவோர்க்குச் சட்டத்தின் துணை

1986-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்றவரின் இருப்பிடமோ கிளையோ உள்ள இடத்தில், அல்லது வழக்குக்குரிய நிகழ்ச்சி நடந்த இடத்தில் முறையிட வேண்டும். தொலைநகரத்து வணிகர்மேல் சிற்றூர்வாசி வழக்குத் தொடுக்க இவ்வரம்பு இடர் விளைத்தது. 2020-ஆம் ஆண்டு சூலை திங்களில் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டின் புதிய சட்டம், வாங்கியவர் வாழும் ஊர் எதுவோ அவ்வூருக்குரிய ஆணையத்திலேயே முறையிடலாம் என்று வழிவகுத்தது. விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் திருவில்லிபுத்தூரில் அமைந்துள்ளது. ஆகவே, பெங்களூரிலோ தில்லியிலோ உள்ள விற்பனையாளர்மேல் இராசபாளையத்துக்காரர் தொடுக்கும் வழக்குக்கு அரைமணி நேரப் பேருந்துப் பயணமே போதும். விலை 5 இலட்சம் ரூபாய்க்கு மிகாத பொருளுக்குக் கட்டணம் இல்லை. குறை தோன்றிய நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முறையிடல் வேண்டும்.

தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகார் என்பது பொது விதி. ஆயினும், தம் பிழைப்பின்பொருட்டுத் தாமே செய்யும் சுயதொழிலுக்கென வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கின்றது. தானே காமிரா ஏந்தித் திருமணப் படம் எடுத்துக் குடும்பம் காக்கும் இளைஞனுக்கு இவ்விலக்கு அரணாகும்.

2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், ஒவ்வோர் இணைய நிறுவனமும் குறைதீர் அலுவலர் ஒருவரை அமர்த்த வேண்டும் என்கின்றன. அவர் முறையீடு பெற்றதை 48 மணி நேரத்திற்குள் ஒப்புக்கொண்டு, ஒரு திங்களுக்குள் தீர்வு காணல் வேண்டும். பழுதுள்ள பொருளையோ, விளம்பரத்தில் கூறியதற்கு மாறான பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுத்தலாகாது. 1915 என்னும் எண்ணை அழைத்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்திலும் முறையிடலாம். இவ்வழிகள் அனைத்துக்கும் முதற்சான்று பில்லே.

அறிவுக்கும் விலை உண்டு

வாங்குவோர்க்கு உரிமைகள் இருப்பதுபோலவே கடமையும் உண்டு. ஒருவர் ஊர்க் கடைக்குச் செல்கின்றார். கடைக்காரர் மூன்று காமிராக்களைப் பிரித்துக் காட்டுகின்றார். மண்டபத்துக்கு எது ஏற்றது, நூற்பாலையில் படம் எடுப்போர் வில்லையை மாற்றும்போது பஞ்சுத்துகள் புகாமல் எவ்வாறு காக்க வேண்டும் என்றெல்லாம் ஒரு மணி நேரம் விளக்குகின்றார். வந்தவர் நன்றி கூறி வெளியேறி, எதிர்த் தெருவில் நின்றுகொண்டே கைப்பேசியில் அதே காமிராவை 2,000 ரூபாய் குறைத்து வாங்குகின்றார். சட்டப்படி இது குற்றமன்று. ஆனால், கடைக்காரரின் உழைப்பையும் அறிவையும் விலையின்றிக் கொண்டு, அதன் பயனை வேறொருவர்க்குக் கொடுத்ததாக அன்றோ அச்செயல் முடிகின்றது?

இவ்வாறு பலரும் செய்யின், கடைக்காரர் முதலில் மாதிரிக் காமிராவை எடுத்துவிடுவார். பின்னர்ப் பணியாளரைக் குறைப்பார். ஈற்றில் கடையையே மூடுவார். அதன்பின், திருமணத்துக்கு முன்னாள் இரவு மின்னொளி விளக்கு பழுதானால், அவசரத்துக்கு ஒன்று கடன் தருவார் ஊரில் எவரும் இரார். சிறுபழுதுக்கும் ஏறத்தாழ 85 கிலோமீட்டர் கடந்து மதுரைக்கோ, அதற்கும் அப்பாலோ செல்ல நேரும். விலையில் மிஞ்சிய 2,000 ரூபாய், இரண்டு பயணத்திலும் இழந்த கூலியிலும் கரைந்துவிடும்.

கடைக்காரர்க்கும் கடமை உண்டு. விலையை வெளிப்படையாக எழுதி வைத்தலும், கேளாமலே பில் தருதலும், தம்மிடம் இல்லாத பொருளை இல்லையென்று சொல்லி வரவழைத்துக் கொடுத்தலும், விற்றபின்னும் ஐயம் தீர்த்தலும் அவர் செய்யத்தக்கவை. இணைய விலையைக் காட்டி, "இவ்வளவுக்குத் தர இயலுமா?" என்று கேட்பவரை அவர் சினத்தலாகாது, வாங்குவோரும் அவ்வாறு நேரே கேட்பதற்கு நாணுதலாகாது. பெரும்பாலும் இடைப்பட்ட ஒரு விலையில் இருவரும் உடன்படுவர்.

முடிவாக நோக்குமிடத்து, புதிதாகக் கற்போரும், தொழிலின் தொடக்கத்தில் உள்ளோரும், பழைய கருவி வாங்குவோரும் கண்டு தெளிந்து ஊரில் வாங்குதல் நலம். தேவையை ஐயமற அறிந்தவர், ஊரில் கிடைக்காத அரிய பொருளை, விற்பவரை ஆராய்ந்து இணையத்தில் வாங்கலாம். எவ்வழியில் வாங்கினும் தேவையை முன்னே தெளிதல், முத்திரையும் எண்ணும் நோக்குதல், பில்லைக் கேட்டுப் பெறுதல், குறித்த நாளுக்குள் ஆராய்தல் ஆகிய நான்கும் இன்றியமையாதன. கொள்பொருளை மிகுதியாகக் கொள்ளாமலும், கொடுபொருளைக் குறைத்துக் கொடாமலும் வாழ்ந்த வணிகரைப் பட்டினப்பாலை போற்றுகின்றது. அந்நேர்மை விற்போர்க்கு மட்டும் உரியதன்று. வாங்குவோரும் அதனைக் கைக்கொண்டால்தான் அங்காடி நிலைக்கும்.